துணைவர் குடிவந்தால் பெனிஃபிட் என்னாகும், வீடு யார் பெயரில் இருக்கலாம்?

கேள்வி: அக்கா, நான் லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டில் ஏழு வயது மகளோடு இருக்கிறேன். இரண்டு படுக்கையறை, வாடகை மாதம் 600 பவுண்ட். விவாகரத்து முடிந்து சில வருடம் ஆகிறது. சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை, கையில் 900 பவுண்ட் வரும். மீதிக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைதான். இப்போது ஒருவரோடு வாழ்க்கையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். கையில் 1,900 வரும். 700 கொடுத்து ஓர் அறையில் இருக்கிறார். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு சேர்ந்து இருப்போம், பதிவை விசா விஷயம் முடிந்ததும் பார்க்கலாம் என்கிறார். வாரத்தில் மூன்று இரவு வரை தங்கினால் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்கிறாள் தோழி. அவரோ டெனன்சியில் (வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்) தன் பெயரையும் போடச் சொல்கிறார், இல்லாவிட்டால் கவுன்சில் வீட்டை விட்டுவிட்டு இருவருமாகத் தனியார் வீடு எடுக்கலாம் என்கிறார். நான் என்ன செய்ய? பிறகு ஒத்துவராமல் போனால் என் கதி என்ன?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூன்று இரவுக் கணக்கை மறந்துவிடுங்கள். அப்படி ஒரு விதி எங்கேயும் கிடையாது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சட்டம் என்றே நம்பிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு இரவு என்றும் நான்கு இரவு என்றும் ஊருக்கொரு கணக்கு உலவுகிறது.

பெனிஃபிட் கொடுக்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. இரவுகளை மட்டும் எண்ணுவதில்லை. நீங்கள் இருவரும் ஒரே குடித்தனமாக, கணவன் மனைவி போல் வாழ்கிறீர்களா என்று பார்க்கும். அவருக்கு வேறு எங்காவது உண்மையான இருப்பிடம் இருக்கிறதா, செலவுகளை யார் பார்க்கிறார்கள், உறவு எவ்வளவு நிலையானது, பிள்ளையை அவரும் கவனிக்கிறாரா, வெளியில் உங்களைத் தம்பதியாகப் பார்க்கிறார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவார்கள். ஏழு நாளில் ஐந்து நாள் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவரும் துணைவராகக் கணக்கில் வரலாம். அடிக்கடி வந்து தங்கிப் போகிறவர், தன் அறை, தன் செலவு என்று தனியாகவே இருந்தால் வராமலும் போகலாம்.

உங்கள் விஷயத்தில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. தாலி கட்டி, அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு அவர் உங்கள் வீட்டுக்கு வருகிற அன்றே நீங்கள் தம்பதி. பதிவுத் திருமணம் ஆகவில்லையே என்று சொன்னால் எடுபடாது. அதைக் கேட்கவே மாட்டார்கள்.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் தோழியின் யோசனைக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. கூடுதலாக வாங்கிய பணம் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு மேல் அபராதம், தெரிந்தே மறைத்தது என்று கண்டால் வழக்கு. அவருடைய வங்கிக் கணக்கு, கடன் பதிவு, கார் காப்புறுதி எல்லாம் உங்கள் முகவரிக்கு மாறியவுடனே தடயம் விழுந்துவிடும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அவர் துணைவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்தால், நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வதைக் காட்ட ஒரே முகவரிக்கு வந்த கடிதங்களைத்தானே விசா கொடுக்கும் ஹோம் ஆபீசுக்குக் கொடுப்பீர்கள்? அதே மாதங்களில் ‘நான் தனியாக இருக்கிறேன்’ என்று டி.டபிள்யூ.பி.யிடம் பணம் வாங்கியிருந்தால், உங்கள் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். அவர் விசாவில் இருப்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பொதுவாக யூனிவர்சல் கிரெடிட்டில் தம்பதிகள் இருவரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகத்தான் வாங்க முடியும். ஆனால் அவருடைய விசாவில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவிகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அப்படிப்பட்டவரோடு வாழ்கிறவர் தனியாளாகவே விண்ணப்பத்தைத் தொடரலாம், தொகையும் தனியாளுக்கு உரியதுதான். இதைக் கேட்டதும் பலர், ‘அப்படியானால் அவர் வந்ததைச் சொல்ல வேண்டியதே இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பெரிய தப்பு. அவருக்கென்று ஒரு பென்னியும் சேர்க்க மாட்டார்கள், ஆனால் அவர் சம்பளத்தையும் சேமிப்பையும் முழுதாக உங்கள் கணக்கில் சேர்ப்பார்கள். எனக்குக் கேட்டால் இது நியாயமில்லாத விதி. இருந்தாலும் விதி அதுதான்.

2025-26ஆம் ஆண்டுத் தொகைகளை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை மாறும், போடுகிற முறை மாறாது. தனியாளுக்கு 400.14, மகளுக்கு 292.81, வாடகைக்கு 600. மொத்தம் 1,292.95. உங்கள் 900 பவுண்ட் சம்பளத்தில் முதல் 411ஐ விட்டுவிடுவார்கள். மீதி 489இல் 55 சதவீதம், அதாவது 268.95ஐக் கழிப்பார்கள். ஆக அந்த ஆண்டுத் தொகைகளின்படி உங்களுக்கு மாதம் 1,024 பவுண்ட் வர வேண்டும். வந்துகொண்டிருக்கும் தொகை வேறாக இருந்தால், முன்பணம் ஏதாவது பிடிக்கிறார்களா என்று உங்கள் ஸ்டேட்மென்டைப் பாருங்கள்.

அவர் வந்த பிறகு சம்பளம் இரண்டும் சேர்ந்து 2,800. அதில் 411 போக 2,389. அதன் 55 சதவீதம் 1,313.95. உங்களுக்கு வரக்கூடிய அதிகபட்சத் தொகையைவிடவே அது அதிகம். அந்தத் தொகைகளின்படி யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம். வாடகைக்கு வந்துகொண்டிருந்த 600ம் அதோடு போய்விடும்.

அவருக்கு அந்த விசா நிபந்தனை இல்லாதிருந்தால் தம்பதிக்கான 628.10 கிடைத்திருக்கும், மாதம் 206.96 பவுண்ட் வந்திருக்கும். அவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கும்போது இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இதோடு நிறுத்தினால் ‘சேர்ந்து வாழ்ந்தால் 1,024 பவுண்ட் நட்டம்’ என்று தோன்றும். இரண்டு குடித்தனத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியில்லை. இப்போது உங்களுக்கு வாடகை போக 1,324 மிஞ்சுகிறது, அவருக்கு அறை வாடகை போக 1,200. இரண்டும் சேர்ந்து 2,524. சேர்ந்த பிறகு 2,800இல் 600 போக 2,200. மொத்தத்தில் குறைவது 324 பவுண்ட். அதோடு, தனியாளுக்கான 25 சதவீதக் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கவுன்சில் வாங்கும் வரி) சலுகை போகும். குறைந்த வருமானத்துக்கான கழிவும் வாங்குகிறீர்கள் என்றால் அதுவும் பெரும்பாலும் போகும். ஓர் அறையின் வாடகையும் பில்லும் மிச்சமாகிற குடும்பத்துக்கு இது தாங்க முடியாத அடி இல்லை.

என் கவலை வேறு. அந்த நட்டம் முழுவதும் உங்கள் பக்கம் விழுகிறது, மிச்சம் முழுவதும் அவர் பக்கம் போகிறது. நேற்றுவரை உங்கள் வங்கிக் கணக்கில் மாதம் 1,924 வந்துகொண்டிருந்தது. இனி 900தான். வாடகை கட்டினால் 300. அவர் கையிலோ 1,900 முழுதாக நிற்கிறது. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். மகளுக்குச் சப்பாத்து வாங்கக்கூட அவரிடம் கேட்டு வாங்குகிற நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, விதி தானாகவே அப்படிக் கொண்டுபோய் விடுகிறது. சைல்ட் பெனிஃபிட் மட்டும் உங்கள் பெயரில் தொடர்ந்து வரும்.

அதனால் அவர் வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 324 பவுண்ட் குறைவை இருவரும் சரிபாதியாகத் தாங்குவது என்றால், அவர் மாதம் 862 பவுண்ட் உங்கள் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அப்போது உங்கள் கையில் வாடகை போக 1,162, அவர் கையில் 1,038. சாப்பாடு, மின்சாரம் எல்லாம் அதற்குப் பிறகு எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் பாடு. சம்பள நாளன்றே வங்கி தானாக அனுப்பும்படி ஸ்டாண்டிங் ஆர்டராகப் போட்டுவிட்டால் மாதாமாதம் கேட்கிற சங்கடம் இருக்காது. துணைவராக அவர் கொடுக்கும் இந்தப் பணத்தை உங்களுக்கு வரும் வாடகை வருமானமாக யாரும் எடுக்க மாட்டார்கள்.

சேமிப்பையும் மறைக்காமல் பேச வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் தனியாளுக்கும் தம்பதிக்கும் சேமிப்பு வரம்பு ஒன்றுதான், 16,000 பவுண்ட். 6,000ஐத் தாண்டினாலே தொகையைக் குறைக்கத் தொடங்குவார்கள். சீட்டு எடுத்த பணமும் சேமிப்புதான். ஊரில் அவர் பெயரில் காணியோ வீடோ இருந்தால் அதுவும் சொத்தாகக் கணக்கில் வரும். இப்போதே பூச்சியம் என்றான பிறகு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். அவருக்கு வேலை நேரம் குறைந்து நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கும் நாளில் இதைக் கேட்பார்கள்.

குடிவரும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டை உங்களுக்கென்று ஒரு மாதச் சுற்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். மாற்றம் அந்தச் சுற்றின் கடைசி நாளில் நடந்தாலும் முதல் நாளே நடந்ததாக எடுத்துக்கொள்வார்கள். சுற்று முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவர் குடிவந்தால் அந்த மாதம் முழுவதற்கும் பணம் போகும். ஆகவே நல்ல நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு உங்கள் ஆன்லைன் கணக்கையும் திறந்து பாருங்கள். சுற்று தொடங்கிய ஓரிரு நாளில் குடிவருவது லாபம். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. உண்மையில் என்று வருகிறாரோ அன்றைய தேதியைத்தான் சொல்லப் போகிறீர்கள். வந்ததும் ஆன்லைன் கணக்கில் மாற்றத்தைப் பதிந்துவிடுங்கள், அந்தக் கணக்கில் செய்தி எழுதும் பக்கமான ஜர்னலிலும் அவருடைய விசா நிலையைக் குறித்து ஒரு வரி எழுதுங்கள். எழுதிய தேதி அங்கேயே நிற்கும், பின்னால் உதவும்.

கவுன்சிலுக்கும் தெரிவிக்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் பிரிவு வேறு, வீட்டுப் பிரிவு வேறு. ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தெரிந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். படுக்கையறைப் பிரச்சினை உங்களுக்கு இல்லை. தம்பதிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கணக்கு சரியாக இருக்கிறது.

இனி வீடு.

டெனன்சியில் அவர் பெயரைப் போட வேண்டுமா? இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. முதல் காரணம் அவருடைய நன்மைதான். கவுன்சில் வீட்டு ஒதுக்கீடும் குடிவரவு விதிகளில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ பட்டியலில் இருக்கிறது. உங்கள் வீட்டில் வந்து உங்களோடு வாழ்வது ஒன்று, கவுன்சில் வீட்டுக்குத் தானும் குடியிருப்பாளராக ஆவது வேறொன்று. விசாவில் நிபந்தனை இருக்கும்போது அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. கவுன்சில்களும் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை.

நிபந்தனை நீங்கிய பிறகும் அவசரப்படாதீர்கள். ஜாயின்ட் டெனன்சி (இருவர் பெயரிலும் ஒப்பந்தம்) என்றால் வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள். முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. அவர் கட்டாமல் போனால் கவுன்சில் முழு நிலுவையையும் உங்களிடம் கேட்கலாம். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. இருவரில் ஒருவர் மட்டும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாலே, மற்றவரின் சம்மதம் இல்லாமலே டெனன்சி முழுவதும் முடிந்துவிடும். 1991இல் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் வழக்கில், அன்று மேல்முறையீட்டின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. கோபத்தில் ஒருவர் போடும் ஒரு கையெழுத்தில் நீங்களும் மகளும் வீட்டை இழக்க முடியும்.

‘எனக்கு ஏதாவது ஆனால் அவர் தெருவில் நிற்பாரே’ என்ற கவலை இருந்தால், அதற்கு ஜாயின்ட் டெனன்சிதான் வழி என்றில்லை. உங்களுடையது செக்யூர் டெனன்சியாக (சட்டப் பாதுகாப்பு உள்ள கவுன்சில் ஒப்பந்த வகை) இருந்து, நீங்கள் இறக்கும்போது அவர் அந்த வீட்டில் உங்களோடு கணவர் போல் வாழ்ந்துகொண்டிருந்தால், டெனன்சி அவருக்குப் போக இப்போதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இப்படிக் கைமாறுவது பொதுவாக ஒருமுறைதான். உங்கள் டெனன்சி எந்த வகை என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கும்.

கோயில் தாலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்துச் சட்டத்தில், பதிவு இல்லாத கோயில் திருமணம் மட்டும் உங்களைச் சட்டப்படி கணவன் மனைவி ஆக்காது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் ஆகாது. ஆக, பெனிஃபிட்டைக் குறைக்கும்போது உங்களைத் தம்பதி என்பார்கள், உரிமை கேட்டுப் போகும்போது தம்பதி இல்லை என்பார்கள். பதிவுத் திருமணம் செய்தால், டெனன்சியில் பெயர் இல்லாவிட்டாலும் கணவருக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி வந்துவிடும். பதிவு இல்லாதவரை அந்த உரிமை அவருக்குத் தானாக வராது. வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை இது உங்களைப் பாதிக்காது. அவருடைய பெயரில் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் போனால் நிலைமை தலைகீழ்.

தனியார் வீட்டு யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். லண்டனில் கவுன்சில் வீட்டை விட்டுக்கொடுத்தவர் திரும்ப ஒன்றைப் பெறுவது எவ்வளவு கடினம் என்று வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டால் தெரியும். நீங்களாகவே விட்டுவிட்டுப் பிறகு வீடில்லை என்று போய் நின்றால், ‘வேண்டுமென்றே வீடிழந்தவர்’ என்று கவுன்சில் சொல்லவும் கூடும். இதே 600 பவுண்டுக்குத் தனியார் சந்தையில் இரண்டு அறை கிடைக்காது. ஒருவேளை நீங்கள் மறுபடி பெனிஃபிட்டுக்குத் தகுதி பெற்றாலும், தனியார் வாடகைக்கு அந்த வட்டாரத்துக்கு நிர்ணயித்த வரம்பு வரைதான் கொடுப்பார்கள், மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். வீட்டுக்காரர் குடியிருக்கப் போகும் ஒவ்வொரு பெரியவரின் விசாவையும் சரிபார்ப்பார்.

2026 மே முதல் தனியார் வீடுகளில் காரணம் சொல்லாமல் எழுப்பும் நோட்டீசுக்கு முடிவு கட்டும் சட்டம் வந்திருக்கிறது, உண்மைதான். அது நல்ல மாற்றம். ஆனால் வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்று முதல் வருடத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்க முடியும். வருடத்துக்கு ஒருமுறை சந்தை அளவுக்கு வாடகையையும் ஏற்றலாம். உங்கள் டெனன்சியோடு ஒப்பிட அது போதாது.

இன்னொரு யோசனையும் யாராவது சொல்வார்கள், அதற்கும் முன்கூட்டியே பதில்: கவுன்சில் வீட்டைப் பெயரளவில் வைத்துக்கொண்டு, அதில் வேறு யாரையாவது வாடகைக்கு இருத்திவிட்டு வெளியே போய் வாழ்வது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். டெனன்சியும் போகும், வழக்கும் வரும். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று சொல்கிறவர் உங்களோடு நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

விசா பற்றி இதற்கு மேல் நான் பேசக் கூடாது. இந்த நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்ல அதற்கென்று பதிவு வேண்டும், எனக்கு அது இல்லை. அவர் ஒரு குடிவரவு வழக்கறிஞரையோ பதிவுபெற்ற ஆலோசகரையோ குடிவருவதற்கு முன்பே பார்க்கட்டும். என் கணக்கைச் சரிபார்க்க ‘டர்ன்டுஅஸ்’ (Turn2us) இணையக் கால்குலேட்டரில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வீட்டு விஷயத்துக்கு ‘ஷெல்டர்’ அல்லது ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்ற இலவச ஆலோசனை அமைப்புகளைக் கேளுங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஓர் இடைச்செருகல். உங்கள் அம்மாவோ அப்பாவோ துணையை இழந்து, பென்ஷன் கிரெடிட்டும் (ஓய்வூதிய வயதினருக்கான உதவித்தொகை) ஹவுசிங் பெனிஃபிட்டும் (வாடகை உதவி) வாங்கிக்கொண்டு இருக்கலாம். அவர்கள் ஓய்வூதிய வயதை எட்டாத ஒருவரோடு சேர்ந்து வாழ முடிவெடுத்தால், பொறி இன்னும் பெரிது. 2019 மே 15 முதல், ஒருவர் மட்டும் அந்த வயதை எட்டிய தம்பதிகள் பென்ஷன் கிரெடிட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. இருவரும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும், தொகை மிகவும் குறையும். அரசு ஓய்வூதியத்தில் இது கை வைக்காது. குடிபோவதற்கு முன் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, ஒத்துவராமல் போனால் என்ன கதி என்று கேட்டிருந்தீர்கள். டெனன்சி உங்கள் பெயரில் மட்டும் இருக்கும்வரை பதில் எளிது. அவர் வெளியேறிய அன்றே யூனிவர்சல் கிரெடிட்டுக்குத் தெரிவியுங்கள். கணக்கு மூடப்பட்டிருந்தால் அன்றே புதிதாக விண்ணப்பியுங்கள். உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்து மறுபடி கணக்கிடுவார்கள். புது விண்ணப்பத்தின் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும் என்பதால் ஒரு மாத வாடகையாவது கையிருப்பில் வைத்திருங்கள். கவுன்சில் டாக்ஸ் சலுகையைத் திரும்பக் கேளுங்கள், அதுவும் தானாக வராது. பதிவுத் திருமணம் ஆகாத நிலையில் அவர் போக மறுத்தால், நியாயமான அவகாசம் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பதிவு ஆகியிருந்தால் நீங்களாகப் பூட்டை மாற்றிவிடாதீர்கள், அவருக்கு உரிமை இருக்கிறது, நீதிமன்ற உத்தரவு வேண்டும். அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் இந்த வரிசை எதையும் பார்க்காமல் 999ஐ அழையுங்கள்.